ஆணித் துப்பாக்கியும் ஆசாரியின் விரலும்

மரவேலைத் தோழர்கள் கூடும் இடங்களில் அண்மைக்காலமாக ஒரு பேச்சு ஓயாமல் நடக்கிறது. ஆணித் துப்பாக்கி வாங்கலாமா, வேண்டாமா? வாங்குவதென்றால் எதை வாங்குவது? ஒரு சாரார், “அது வந்தால் நம் கைக்கு வேலை இராது, சுத்தியலோடு சோறும் போய்விடும்” என்கின்றனர். இன்னொரு சாரார், “அதை வாங்கிவிட்டால் போதும், நாமே ஒப்பந்தக்காரராகிவிடலாம்” என்கின்றனர். முன்னவர் கருவியைக் கண்டு அஞ்சுகின்றனர். பின்னவர் கருவியைக் கும்பிடுகின்றனர். இரண்டுமே தொழிலாளிக்கு உதவாத மனப்பான்மைகள் என்பதே நம் கருத்து.

கருவி வந்துவிட்டது. அதை நாம் தடுக்கப் போவதில்லை, தடுக்கவும் வேண்டியதில்லை. நாள் முழுதும் மூன்றங்குல ஆணியைச் சுத்தியலால் அடித்து, நாற்பது வயதில் முழங்கை மடக்க முடியாமல் ஊர் திரும்பியவர்கள் நம்மில் எத்தனை பேர்! அந்த வலியைக் குறைக்கும் கருவியை வேண்டாமென்று சொல்ல நமக்கு என்ன உரிமை? ஆனால், எந்தத் துப்பாக்கி, யார் காசில், யார் விருப்பப்படி என்ற மூன்று கேள்விகளையும் கேட்காமல் கடைக்குள் நுழைவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றோரம் நடப்பதற்கு ஒப்பாகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். சட்டம் அடிக்கும் பெரிய ஆணித் துப்பாக்கி நம் நாட்டு வேலைக்கென்று பிறந்ததன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டின் எலும்புக்கூடே மரச்சட்டம்தான். பைன், ஸ்புரூஸ் போன்ற மெதுமரங்களை அடுக்கி, ஆயிரக்கணக்கான ஆணிகளை அடித்து வீட்டை நிறுத்துகிறார்கள். அந்த வேலைக்காக வந்த கருவி இது. நம் நாட்டில் வீடு செங்கல்லும் காங்கிரீட்டும். ஆகவே அங்கே எது சிறந்ததோ அதுவே இங்கும் சிறந்தது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

நம்மவர் கையில் இந்தக் கருவி பயன்படக்கூடிய வேலைகள் மூன்று. ஏற்றுமதிக்கான பெட்டிகளும் பேலட்டுகளும் அடிக்கும் பட்டறை வேலை ஒன்று. கண்காட்சிக் கூடம், மேடை, திரைப்பட அரங்கு அமைக்கும் வேலை மற்றொன்று. கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை மூன்றாவது. இந்த மூன்றுக்கும் ஒரே துப்பாக்கி பொருந்தாது.

பேலட் வேலைக்கு வரும் மரம் பெரும்பாலும் மெதுமரம். காந்திதாமில் வந்திறங்கும் இறக்குமதிப் பைன் மரமும், கேரளத்து ரப்பர் மரமும் ஆணியை எளிதில் ஏற்கும். இங்கே ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் ஆணி அடிக்க வேண்டியிருப்பதால், சுருளாக ஆணி ஏற்றும் துப்பாக்கியே ஏற்றது. அதில் ஒரு சுருளுக்கு 200 முதல் 300 ஆணிகள் வரை இருக்கும். அடிக்கடி நிறுத்தி நிரப்ப வேண்டாம். ஆனால் எடை கூடும், கை அயரும்.

சரமாக ஆணி ஏற்றும் துப்பாக்கிகளில் கோணம் முக்கியம். 21 பாகைச் சரம் பிளாஸ்டிக்கால் கோத்தது, முழுத் தலையுள்ள ஆணி, பிடிப்பு நன்று. 28 பாகைச் சரம் கம்பியால் கோத்தது. 30 முதல் 34 பாகை வரையுள்ளவை காகிதத்தால் கோத்தவை. இவற்றில் தலை ஒருபுறம் வெட்டப்பட்ட ஆணிகளும் வரும். இடுக்கான மூலைக்குள் நுழைய இவை வசதி. ஒரு கோணத்துத் துப்பாக்கியில் இன்னொரு கோணத்து ஆணி ஏறாது. இங்கேதான் வியாபாரத்தின் சூட்சுமம் இருக்கிறது! துப்பாக்கியை மலிவாகத் தந்துவிட்டு, ஆயுள் முழுதும் ஆணியை அவரிடமே வாங்கச் செய்வது. எனவே தோழர்களே, முதலில் துப்பாக்கியின் விலையைக் கேட்காதீர்கள். நீங்கள் வேலை செய்யும் ஊரில் எந்தக் கோணத்து ஆணி மூன்று கடைகளிலாவது கிடைக்கிறது என்று கேளுங்கள். பிறகு அதற்கேற்ற துப்பாக்கியைத் தேடுங்கள்.

சென்ட்ரிங் வேலையின் கதை வேறு. அங்கே இன்று அடித்த பலகையைச் சில நாளில் பிரித்தாக வேண்டும். பலகையும் சட்டமும் அடுத்த தளத்திற்கு வேண்டும். துப்பாக்கி ஆணிகள் பலவற்றின் மேல் பிசின் பூசியிருப்பார்கள். சிலவற்றில் உடம்பெல்லாம் வளையம் வெட்டியிருக்கும். பிடித்தால் விடாது, பிடுங்கினால் பலகை பிளக்கும். அந்த நட்டத்தை மேஸ்திரி யார் கூலியில் கழிப்பார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? ஆகவே சென்ட்ரிங்கில் பிரிக்க வேண்டிய இடங்களில் சுத்தியலே மேல்; துப்பாக்கி கட்டாயமென்றால் பூச்சில்லாத வழவழப்பான ஆணியைக் கேட்டு வாங்க வேண்டும். சால் போன்ற வன்மரங்களில் இந்தத் துப்பாக்கியை நம்புவதும் ஆபத்து. ஆணி உள்ளே போகாமல் வளையும். சில வேளை தெறித்துத் திரும்பும்.

அடுத்தது, இயங்கும் வழி. காற்றில் இயங்குவது, எரிவாயுக் குப்பியில் இயங்குவது, பேட்டரியில் இயங்குவது என மூவகை உண்டு. எரிவாயு வகைக்குக் குப்பி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். பேட்டரி வகைக்குக் குழாயும் கம்ப்ரசரும் வேண்டாம். ஆனால் விலை அதிகம், எடை அதிகம், பேட்டரி தேய்ந்தால் மீண்டும் பெருஞ்செலவு. காற்றுத் துப்பாக்கியே நம் போன்றோருக்கு உகந்தது. விலை குறைவு, பிரித்துப் பழுது பார்க்கலாம், உள்ளே தேயும் ரப்பர் வளையங்களை மாற்றலாம். பொதுவாக 70 முதல் 120 பி.எஸ்.ஐ. அழுத்தம் போதும், ஒரு துப்பாக்கிக்கு 2 குதிரைத்திறன் கம்ப்ரசர் தாராளமாகக் காற்றுத் தரும். பம்பாய், சென்னை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் தொட்டிக்குள் நீர் சேரும். நாள்தோறும் அதை வடித்துவிட வேண்டும். துப்பாக்கிக்கு நாள்தோறும் சில சொட்டு எண்ணெய் விட வேண்டும். காற்றில்லை என்று எவரேனும் ஆக்சிஜன் உருளையை மாட்டச் சொன்னால், வேலையை விட்டு வெளியேறுங்கள், அது வெடிக்கும்.

இனி இவை எல்லாவற்றினும் தலையாய செய்திக்கு வருவோம். அது விசை.

ஆணித் துப்பாக்கியில் விசை இருவகை. முதல் வகையில், விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கலாம். துப்பாக்கியின் மூக்கு எதன்மேல் பட்டாலும் ஆணி பாயும். மரத்தில் பட்டாலும் பாயும். தொடையில் பட்டாலும் பாயும். இரண்டாம் வகையில், முதலில் மூக்கை மரத்தில் அழுத்த வேண்டும். பிறகுதான் விசையை இழுக்க வேண்டும். ஒவ்வோர் ஆணிக்கும் இரண்டையும் விட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். முதல் வகையைக் கடைக்காரர், “டக் டக்கென்று போகும், பாருங்கள்” என்று பெருமையோடு காட்டுவார். நாம் வாங்க வேண்டியது இரண்டாம் வகை.

ஏன்? அமெரிக்காவில் 2001 முதல் 2005 வரை ஆண்டுதோறும் ஏறத்தாழ 37,000 பேர் ஆணித் துப்பாக்கிக் காயத்தோடு மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்தனர். அந்நாட்டு அரசின் தொழிற்பாதுகாப்பு அமைப்புகள் 2011 இல் இதற்கென்றே ஒரு கையேடு வெளியிட்டன. தொட்டால் பாயும் விசையில் காய அபாயம், வரிசை விசையைப் போல் இருமடங்கு என்று அது சொல்கிறது. காயங்களில் பாதிக்கு மேல் கையிலும் விரலிலும். பயிற்சியும் சட்டமும் உள்ள நாட்டின் கதையே இதுவென்றால், பயிற்சியே இல்லாமல் முதல் நாளே கையில் திணிக்கப்படும் நம் பிள்ளைகளின் கதி என்ன?

“வரிசை விசை மெதுவாக இருக்கும், கணக்கு முடியாது” என்பது ஒப்பந்தக்காரரின் வாதம். அதற்கும் அதே கையேட்டில் விடை உண்டு. அனுபவமுள்ள பத்துத் தச்சர்கள் ஒரே மாதிரியான சிறு கூடங்கள் இரண்டை, ஒன்றை இவ்வகையாலும் மற்றதை அவ்வகையாலும் கட்டினர். தொட்டால் பாயும் விசையில் ஆணி அடிக்கும் நேரம் மிச்சமானது நூற்றுக்குப் பத்துப் பங்கு. ஆனால் அளப்பது, அறுப்பது, பொருத்துவது எல்லாம் சேர்ந்த மொத்த நேரத்தில் அந்த மிச்சம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! நூற்றில் ஒன்றுக்கும் குறைந்த நேரத்திற்காக ஒருவன் தன் விரலைப் பணயம் வைக்க வேண்டுமா? அந்த மிச்சத்தின் பயன்தான் யாருக்குப் போகிறது? கூலி தொழிலாளிக்கு, மிச்சம் முதலாளிக்கு, காயம் மறுபடி தொழிலாளிக்கு! இதுதான் இன்றைய பங்கீடு.

கடையிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு கட்டையை வைத்துக்கொண்டு, முதலில் விசையை இழுத்துப் பிடித்தபடி மூக்கைக் கட்டையில் அழுத்துங்கள். ஆணி பாய்ந்தால் அது வேண்டாத வகை. வாங்கிய பிறகும், மூக்கிலுள்ள காப்பைக் கம்பியால் கட்டி வைக்கும் “கெட்டிக்காரத்தனம்” கூடாது. மறு கை ஆணி பாயும் இடத்திலிருந்து ஓரடி தள்ளியே இருக்க வேண்டும். ஆணி சிக்கினால் முதலில் காற்றுக் குழாயைக் கழற்ற வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் காதுக்கு அடைப்பும் இல்லாமல் தொடக்கூடாது.

கட்டைவிரல் இழப்புக்கு 30 விழுக்காடு, சுட்டுவிரல் முழுதும் போனால் 14 விழுக்காடு உழைப்புத்திறன் இழப்பு என்று 1923 ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை கணக்கிட்டு வைத்தது. உளி பிடிக்கும் ஆசாரிக்குச் சுட்டுவிரல் வெறும் 14 விழுக்காடா? அந்தக் கணக்கைப் போட்டவர் ஒருநாளும் உளி பிடித்தவராக இருந்திருக்க மாட்டார். இந்தச் சட்டமும், 1979 ஆம் ஆண்டின் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர் சட்டமும், 1996 ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டங்களும் 2020 இல் நிறைவேறிய தொகுப்புச் சட்டங்களுக்குள் அடக்கப்பட்டு, அவை 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்துள்ளன. பெயர் எதுவாயினும், பதிவு இல்லாதவனுக்கு எந்தச் சட்டமும் எட்டாக்கனியே. 12 மாதங்களில் 90 நாள் கட்டட வேலை செய்த, 18 முதல் 60 வயதுக்குட்பட்டவர் நலவாரியத்தில் பதியலாம். பெட்டி அடிக்கும் பட்டறைத் தோழர்கள் கட்டடத் தொழிலாளர் கணக்கில் வரமாட்டார்கள். அவர்கள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் பட்டறையில் ஈ.எஸ்.ஐ. கேட்டுப் பெற வேண்டும். துப்பாக்கியைத் தொடும் முன் இந்த அட்டையைக் கையில் வாங்குங்கள்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னுமொரு தனி இடர் உண்டு. கருவியோடு வரும் குறிப்பு ஆங்கிலத்தில். மேஸ்திரியின் அதட்டல் இந்தியிலோ கன்னடத்திலோ. காயம் மட்டும் எல்லா மொழியிலும் ஒன்றே! “புரியவில்லை” என்று சொல்ல வெட்கப்பட்டுத் தலையாட்டுகிறவன்தான் முதலில் அடிபடுகிறான். புரியும் மொழியில் பாதுகாப்புச் சொல்லித் தருவது சலுகையாகாது. அது வேலை கொடுப்பவரின் கடமை. இதையே நாம் திருப்பியும் சொல்ல வேண்டும். இன்று தமிழ்நாட்டுக் கட்டடங்களில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த பிள்ளைகள் இதே துப்பாக்கியைப் பிடிக்கிறார்கள். நமக்கு இங்கே தமிழில் சொல் என்று கேட்கும் நாம், அவர்களுக்கு அங்கே அவர்கள் மொழியில் சொல் என்றும் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

ஆகவே நாம் முன்வைப்பது இது. கடன்பட்டுத் தனித்தனியே துப்பாக்கி வாங்குவதைத் தோழர்கள் தவிர்க்க வேண்டும். ஒப்பந்த வேலையில் துப்பாக்கி, ஆணி, கண்ணாடி, காதடைப்பு யாவும் ஒப்பந்தக்காரர் தரவேண்டும். கூலியில் பிடித்தம் கூடாது. வரிசை விசையே வேண்டும் என்று ஐந்து பேர் சேர்ந்து ஒரே குரலில் கேட்க வேண்டும். ஒருவன் கேட்டால் அவனை மாற்றிவிடுவார்கள். ஐந்து பேரை மாற்ற யோசிப்பார்கள். சொந்தமாக வேலை எடுப்போர் நால்வர் ஐவராகக் கூடி ஒரு கம்ப்ரசரும் இரண்டு துப்பாக்கியும் பொதுவில் வாங்கலாம். நம் சங்கக் கிளைகள் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பை அச்சிட்டு, பழகிய ஒருவரைக் கொண்டு ஞாயிறுதோறும் செய்து காட்டலாம். பொங்கல் விழாவுக்குப் பந்தல் போட முடிந்த நமக்கு இது முடியாதா?

“உதவியாள் இருவர் வேலை போகுமே” என்ற கவலை நியாயமானது. அதற்கு மறுமொழி, மிச்சமாகும் நேரத்திற்கும் கூலியில் பங்கு கேட்பதே. உதவியாளுக்கு அளக்கவும் அறுக்கவும் கற்றுத் தந்து அவனையும் ஆசாரியாக்குவதே. ஆணி அடிப்பது மட்டும் தச்சுத் தொழிலாகாது. எந்த மரம் எங்கே பிளக்கும், எந்தச் சட்டம் எவ்வளவு தாங்கும் என்ற அறிவு எந்தத் துப்பாக்கியிலும் இல்லை. அது நம் கையில் இருக்கிறது. அந்தக் கையை முழுதாக வைத்திருக்கும் கருவியை மட்டும் வாங்குவோம்!