மகளுக்கு ரைபிள் வாங்க நகையை அடகு வைக்கப் போகிறவனுக்கு

மக்களே, இந்தப் பதிவைப் படித்துவிட்டு நாலு பேர் என்மேல் வருத்தப்படுவீர்கள். பரவாயில்லை. வகுப்பில் பிரம்பு எடுத்தபோதும்தான் வருத்தப்பட்டீர்கள், பிறகு கல்யாணப் பத்திரிகையோடு வீட்டுக்கு வந்தீர்கள்.

போன வாரம் மஸ்கட்டிலிருந்து பழைய மாணவன் ஒருவன் கூப்பிட்டான். மகளுக்கு 14 வயது. பாரிஸ் ஒலிம்பிக் பார்த்த நாளிலிருந்து அவளுக்குத் துப்பாக்கி சுடுதலில் ஆசை. "சார், என்.சி.சி.யில எங்களுக்குச் சுடப் படிச்சுத் தந்தது நீங்கதானே. பாயிண்ட் டூ டூ ரைபிள்ல நல்லதா ஒண்ணு சொல்லுங்க. அன்ஷூட்ஸா, வால்தரா? அவ அம்மைக்க நகைய வச்சாவது வாங்கிருவேன்." பிள்ளை இதுவரை எத்தனை குண்டு சுட்டிருக்கிறாள் என்று கேட்டேன். சுசீந்திரம் தேரோட்டத்தில் பலூன் சுட்டிருக்கிறாளாம். எருமை வாங்குமுன்னே நெய்க்கு விலை பேசுகிற கதை இதுதான்.

அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. 'விலை கூடின ரைபிள் இருந்தா மெடல் உறுதி, மெடல் இருந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டா உறுதி' என்று அவன் காதில் ஓதியவர்கள்மேல்தான் கோபம். நம் குடும்பத்திலும் அப்படி ஓதுகிற அத்தான்மார் உண்டு.

முதலில் சட்டம். பாயிண்ட் டூ டூ என்பது விளையாட்டுச் சாமான் இல்லை, துப்பாக்கி. 1959 ஆயுதச் சட்டம் 9ஆவது பிரிவுப்படி 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. பயிற்சியின்போது சுடுவதற்கு மட்டும் நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. 'என் பேரில் லைசென்ஸ் எடுத்து அவள் கையில் கொடுப்பேன்' என்கிறான். நீ மஸ்கட்டில் இருப்பாய், துப்பாக்கி அலமாரியில் இருக்கும், சாவி யாரிடம்? இதை யோசித்தாயா, டே?

அடுத்தது, அவன் அனுப்பிய படம். மேகசின் வைத்த ரைபிள், மேலே நீளமாக ஒரு தொலைநோக்கி. பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் 50 மீட்டர் ரைபிள் போட்டியில் தோட்டாவை ஒவ்வொன்றாகத்தான் போட்டுச் சுட வேண்டும், தொலைநோக்கி வைக்கவே கூடாது. பின்னால் சிறு துளை, முன்னால் ஒரு வளையம், அதன் நடுவில் கறுப்பு வட்டம், அவ்வளவுதான் பார்வை. அந்த வட்டத்தின் பத்துப் புள்ளி வளையம் 10.4 மில்லிமீட்டர் அகலம். இலட்சங்களைக் கொட்டி, போட்டிக்குள் நுழையவே முடியாத சாமானையா வாங்குவது?

நல்ல போட்டி ரைபிளாகவே வாங்கினாலும் அது யார் உடம்புக்கு? ரைபிளின் எடை 8 கிலோ வரை போகலாம் என்கிறது விதி. 38 கிலோ எடையுள்ள பிள்ளை அதை நின்றுகொண்டு பிடித்தால் முதலில் வளைவது முதுகெலும்பு. கட்டையின் நீளம், கன்னம் சாய்கிற இடத்தின் உயரம், தோளில் பதிகிற தகட்டின் கோணம் இவை பொருந்தவில்லையென்றால், எந்த ஊர்க் கம்பெனி என்பது இரும்பில் அடித்த பேர் மட்டுமே. 14 வயதில் பொருந்துவது 16 வயதில் பொருந்தாது. செருப்பைக்கூடப் போட்டுப் பார்த்துத்தானே வாங்குகிறோம்?

தோட்டாச் செலவை யாரும் சொல்வதில்லை. இந்த ரகத் தோட்டாவில் தீப்பிடிக்கும் மருந்து அடிவிளிம்புக்குள்ளேயே இருக்கிறது. ஊசி விளிம்பில் அடித்ததும் வெடிக்கும், விளிம்பு நசுங்கிவிடும். வெற்றுக்கூட்டைத் திரும்ப நிரப்ப வழியில்லை. சுட்டால் போச்சு. போதாததற்கு, ஒரே கம்பெனியின் ஒரு பெட்டி ஒரு குழலுக்கு ஒத்துவரும், அடுத்த பெட்டி ஒத்துவராது. நகையை அடகு வைத்து ரைபிள் வாங்குகிறவன் தோட்டாவுக்கு எதை வைப்பான்?

என்.சி.சி.யில் நம்மிடம் இருந்தவை, பல கை மாறி வந்த பட்டாலியன் துப்பாக்கிகள். 'சார், ரைபிள் சரியில்லை' என்று முறையிடாதவன் உங்களில் யார்? நான் தாளைத்தான் பார்ப்பேன். ஐந்து குண்டும் ஒரே இடத்தில் நெருங்கி விழுந்து, நடுவை விட்டு விலகியிருந்தால் குறிக்கருவியைத் திருத்த வேண்டும். ஐந்தும் ஐந்து திசையில் கிடந்தால் பெரும்பாலும் மூச்சையும் விரலையும்தான் திருத்த வேண்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அதே துப்பாக்கியில் ஐந்தையும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடக்கிய பிள்ளைகளும் உங்களில் இருந்தார்கள்.

அப்படியானால் ஏழைப் பிள்ளைக்கு இந்த விளையாட்டு ஆகாதா? நான் அதைச் சொல்லவில்லை. அவள் பார்த்த அந்தப் பாரிஸில், 2024இல், 50 மீட்டர் மூன்று நிலை ரைபிளில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே கோலாப்பூர்ப் பக்கத்து கிராமத்துப் பையன். வாத்தியார் மகன். 2009இல் மகாராஷ்டிர அரசின் கிரீடா பிரபோதினி திட்டத்தில் சேர்ந்துதான் இந்த விளையாட்டுக்கு வந்தான், பிறகு ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகர் வேலை. அங்கே அரசாங்கம் முன்னால் நின்றது. நாம் கேட்க வேண்டியதும் அதைத்தான். ஒவ்வொரு தகப்பனும் தனித்தனியாக அடகுக்கடைக்கு நடப்பதற்குப் பதில், பத்துப் பேர் சேர்ந்து கலெக்டரிடம் மனுக் கொடுத்தால் என்ன?

தொடக்கத்துக்கு 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கி போதும். 20 ஜூலுக்கு மேல் போகாத, 0.177 அங்குலக் குழல் உள்ள காற்று ரைபிளுக்கு லைசென்ஸ் வேண்டாம். குண்டும் மலிவு. 2008இல் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியதும், 2012இல் சென்னையில் பிறந்த ககன் நாரங் வெண்கலம் வாங்கியதும் இதில்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பேர் வாங்கியதும் இதில்தான். அதையும் உடனே வாங்காதே. கிளப்பில் இருக்கிற ரைபிளில் ஆறு மாதம் சுடட்டும். காலையில் எழுந்து போகிறாளா, ஒரே நிலையில் ஒரு மணி நேரம் அலுக்காமல் நிற்கிறாளா, மோசமான நாளில் அழுதுவிட்டு மறுநாளும் போகிறாளா என்று பார். ஒரு வருஷம் கழித்து, பாயிண்ட் டூ டூ வேண்டுமா என்பதை அவளுடைய கோச் சொல்லட்டும்.

நகையை எடுத்துப் பெட்டியில் வை. அடுத்த லீவுக்கு வரும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வா. தோட்டா இல்லாமலே மூச்சு விடவும் விசை இழுக்கவும் நான் படித்துத் தருகிறேன், கண் இன்னும் நன்றாகத்தான் தெரிகிறது.