விளக்கு யாருக்கு?

பழைய நகரங்களுக்கு ஒளியூட்டுவது பற்றிப் பேசுவோர் முதலில் கட்டடங்களையே எண்ணுகின்றனர். ஈப்போவில் 1909ஆம் ஆண்டு எழுந்த பர்ச் நினைவு மணிக்கூண்டு, ஹப்பக்கின் வடிவமைப்பில் 1917ஆம் ஆண்டு நிறைவுற்ற இரயில் நிலையம் ஆகியவற்றின் மீது ஒளிவெள்ளம் பாய்ச்சிவிட்டால் வரலாறு காக்கப்பட்டுவிடும் என்பது அவர்தம் கருத்து. அக்கருத்தை நான் மறுக்கின்றேன்.

தெருவிளக்கு கட்டடத்துக்குப் பூட்டும் நகையன்று; நடப்போர் காலடிக்குத் துணை. ஈப்போவின் பழைய கடைவரிசைகளில் மக்கள் நடப்பது ஐந்தடி நடைபாதையில். அதன்மேல் மாடி கவிந்திருக்கின்றது. சாலையோர உயர்கம்பம் எத்துணை ஒளி சிந்தினும் அஃது உட்புறம் முழுதும் எட்டுவதில்லை. சாலை பளிச்சிடுந்தோறும் நடைபாதை கண்ணுக்கு மேலும் இருண்டே தோன்றும். அங்கே வேண்டுவது மாடியின் அடியில் பொருத்திய, மறைப்பிட்ட, இளமஞ்சள் விளக்கு. நிறவெப்பம் 3000 கெல்வினை மிஞ்ச வேண்டா என்பதே இரவு வானைக் காக்க முனைவோரின் பரிந்துரையுமாகும். "ஒளி மிகுந்தால் பாதுகாப்பு மிகும்" என்பர். ஒளியின் அளவைவிட, அது விழும் இடமே முதன்மையானது.

இன்னொன்றும் கேட்பேன். இந்நகரம் ஓங்கியது ஈயமும் இரப்பரும் ஈட்டிய செல்வத்தால் அன்றோ? 1930இல் செண்டரோ அணை பேராக் ஆற்றிலிருந்து மின்னாற்றல் தந்தது; ஈயச் சுரங்கங்கள் அதனால் இயங்கின. பால்மரம் வெட்டியவரோ நெற்றியில் கட்டிய விளக்கோடு வைகறையில் காடேறினர். லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. பின்னர் வந்த தோட்டத்து மின்பொறியும் இரவில் குறித்த நேரத்தில் ஓய்ந்தது. தெருவிளக்கு கேட்டவர்க்கு, "தோட்டம் தனியார் நிலம்" என்பதே விடையாயிற்று.

இன்று பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆயினும், எஞ்சி நிற்கும் மாரியம்மன் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் செல்லும் வழி இருண்டிருப்பின், அதனை வரலாற்றுக்குப் புறம்பானதெனத் தள்ளுதல் நீதியோ? அவ்வழியும் பேராக்கின் வரலாறே.

"நிதி போதாது" என்பர். போதாதெனில், முதலில் அணைக்க வேண்டியது எதனை? மணிக்கூண்டு இருளிலும் நிற்கும். மாலை வகுப்பு முடிந்து தனியே திரும்பும் மாணவி இருளில் நிற்றல் ஆகாது.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர்களே! உங்கள் பள்ளியைச் சுற்றி ஓர் இரவு நடந்து பாருங்கள். இருண்ட இடங்களை வரைபடத்தில் குறித்து, ஊராட்சி மன்றத்தின் முன் வையுங்கள். விளக்குத் திட்டம் அவ்வரைபடத்திலிருந்தே தொடங்கட்டும்.