பிரம்மோஸ்: பெயரில் பாதி ரஷியா, பொருளில் எவ்வளவு?

திருவனந்தபுரம்: விமான நிலையத்துக்கு அருகே, சாக்கையில் இருந்த 'கெல்டெக்' தொழிற்சாலையைப் பழைய ஆட்கள் அறிவார்கள். கேரள அரசுக்குச் சொந்தமான அது, விண்வெளித் துறைக்கு உதிரிபாகங்கள் செய்து கொடுத்து வந்தது. 2007ஆம் ஆண்டு இறுதியில் அது பிரம்மோஸ் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அன்று முதல் ஏவுகணை என்ற சொல் இந்த நகரத்துத் தொழிலாளிக்கும் வயிற்றுப்பாட்டுச் சொல் ஆகிவிட்டது.

பிரம்மோஸ் என்பது புராணத்து அஸ்திரத்தின் பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது இரண்டு ஆறுகளின் பெயர். நம் பிரம்மபுத்திராவின் தலையும் ரஷியாவின் மாஸ்க்வா ஆற்றின் தலையும் சேர்ந்ததே பிரம்மோஸ்.

ஒரு கணைக்குப் பல பெயர்

ரஷிய ஏவுகணைகளின் பெயர்க் கதையே தனி. சோவியத் காலத்தில் ஆயுதங்களின் உண்மைப் பெயரை மாஸ்கோ வெளியில் சொல்வதில்லை. எனவே அமெரிக்காவும் அதன் நேட்டோ கூட்டாளிகளும் தாங்களாகவே பெயர் சூட்டினார்கள். தரையிலிருந்து வானத்தைத் தாக்கினால் 'ஜி' எழுத்து. தரையையோ கப்பலையோ தாக்கினால் 'எஸ்' எழுத்து. இப்படித்தான் நம் விமானப்படையில் 'பெச்சோரா' எனப்படும் கணை, மேல்நாட்டுப் பத்திரிகைகளில் 'கோவா' ஆனது. பெச்சோராவும் ரஷியாவில் ஓடும் ஓர் ஆறுதான்.

1971 டிசம்பர் 4ஆம் தேதி இரவு, நம் கடற்படையின் சிறு படகுகள் கராச்சித் துறைமுகத்தின் மீது வீசிய கணைக்கு ரஷியர் இட்ட பெயர் 'தெர்மித்', அதாவது கறையான். நேட்டோ இட்ட பெயர் 'ஸ்டிக்ஸ்'. கிரேக்கக் கதைகளில் அது எமலோகத்து ஆறு. செய்தவனுக்குக் கறையான், பயந்தவனுக்கு எமலோகம்!

பிரம்மோஸுக்கு அடிப்படையான ரஷியக் கணைக்கும் இதே கதைதான். ஆலைக் குறியீடு பி-800. ரஷியப் படையில் 'ஓனிக்ஸ்'. வெளிநாடுகளுக்கு விற்கும்போது 'யாகோந்த்'. நேட்டோ கணக்கில் 'ஸ்ட்ரோபைல்'. நம் நாட்டில் வளர்ந்தபோது ஐந்தாவது பெயர் கிடைத்தது.

நம்மவர் கை

1998 பிப்ரவரி 12ஆம் தேதி இந்திய - ரஷிய ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர் ராமேஸ்வரத்துக்காரரான அப்துல் கலாம். தும்பாவில் ராக்கெட் வேலை பழகியவர் அவர். கூட்டு நிறுவனத்தின் முதல் தலைவர் சிவதாணுப் பிள்ளை, பக்கத்து நாகர்கோவிலைச் சேர்ந்தவர். நிறுவனத்தில் இந்தியப் பங்கு 50.5 சதவீதம், ரஷியப் பங்கு 49.5 சதவீதம். 2001 ஜூன் 12ஆம் தேதி ஒடிசாக் கடற்கரையில் சண்டிப்பூரிலிருந்து முதல் சோதனை நடந்தது.

ஒலியைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு வேகம். இங்கிருந்து எர்ணாகுளத்துக்கு ரயில் போய்ச் சேர மூன்று, நான்கு மணி நேரமாகிறது; அதே தூரத்தை இது நான்கைந்து நிமிடங்களில் கடந்துவிடும்.

முதலில் இதன் பாய்ச்சல் தூரம் 290 கிலோமீட்டர் என்று நின்றதற்குக் காரணம் உண்டு. 300 கிலோமீட்டருக்கு மேல் போகும் பெரிய கணைகளை வெளியாருக்குத் தருவதை ஒரு சர்வதேச ஏற்பாடு தடுத்தது. ரஷியா அதில் உறுப்பினர், இந்தியா உறுப்பினரல்ல. 2016ஆம் ஆண்டு இந்தியாவும் அதில் சேர்ந்த பிறகுதான் தூரத்தைக் கூட்ட வழி பிறந்தது.

கேள்வி இதுதான்

பெயரில் இந்தியா முன்னே நிற்கிறது. ஆனால் கணைக்கு உயிரான எஞ்சினும், இலக்கைத் தேடும் கண்ணும் ஆரம்பத்தில் ரஷியாவிலிருந்து வந்தவை. உள்நாட்டில் செய்த கண்ணை வைத்து 2018ஆம் ஆண்டுதான் சோதனை நடந்தது. பிறர் கையை நம்பியிருப்பதன் சங்கடத்தை எஸ்-400 விவகாரம் காட்டியது. 2018ஆம் ஆண்டு ஒப்பந்தமான அந்த வான் காப்புத் தளவாடங்கள் 2021 டிசம்பரில் வரத் தொடங்கின. மறு ஆண்டு உக்ரைன் போர் மூண்டது. மீதி தளவாடங்கள் குறித்த காலத்தில் வந்து சேரவில்லை.

இந்த விஷயம் டில்லியோடு நிற்பதல்ல. பிரம்மோஸுக்கு வெளிநாட்டுச் சந்தையும் திறந்திருக்கிறது. 2022 ஜனவரியில் பிலிப்பைன்ஸ் நாடு சுமார் 37 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. 2024 ஏப்ரலில் முதல் தவணை போய்ச் சேர்ந்தது. மறுபுறம், 2025 மே மாதம் லக்னோவில் புதிய ஆலை திறக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அங்கிருந்து முதல் தொகுதிக் கணைகள் அனுப்பப்பட்டன. அயல்நாட்டு ஆர்டர் பெருகுவது நல்லதுதான். அந்த வேலையில் சாக்கைக்கு எவ்வளவு பங்கு வரும் என்பதே இங்குள்ளவர்கள் கேட்க வேண்டிய கேள்வி.

ரஷியாவிலிருந்து வரும் ஒவ்வொரு பாகமும் உள்நாட்டில் செய்யப்படும்போது, ஏதோ ஓர் ஊரில் ஒரு கடைசல் இயந்திரம் கூடுதலாக ஓடும். தும்பாவில் ராக்கெட் கிளம்பிய 1963ஆம் ஆண்டு முதல் அந்தக் கைப்பழக்கம் உள்ள ஊர் இது. பெயரில் 'மோஸ்' இருந்துவிட்டுப் போகட்டும்; பாகங்களில் அது குறையக் குறைய, அந்த வேலை இந்த ஊருக்கும் வந்து சேர வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவது கேரள அரசின் பொறுப்பு.