45 எழுத்துச் சொல்லும் தங்கவயல் தூசியும்

பள்ளி ஆண்டு விழாக்கள் நெருங்கும் மாதங்களில் எங்கள் அடுக்ககத்தில் ஏதாவது ஒரு வீட்டுப் பிள்ளை அந்தச் சொல்லை மூச்சு விடாமல் ஒப்பித்துக்கொண்டிருக்கும். நிமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோப்பிக்சிலிக்கோவால்கேனோகோனியோசிஸ். பெரிய ஆங்கில அகராதிகளில் இடம்பெற்ற சொற்களிலேயே நீளமானது, 45 எழுத்து. தடுக்காமல் சொல்லி முடித்தால் கைதட்டல் கிடைக்கும். பொருள் கேட்டால் ‘லங் டிசீஸ்’ என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவார்கள். அந்த நோயில் மூச்சு முட்டிச் செத்தவர்களின் ஊர் பெங்களூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டரில் இருக்கிறது, அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதை இந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

சொல் பிறந்தது 1935இல். அமெரிக்காவின் நேஷனல் பஸ்லர்ஸ் லீக் என்ற புதிர் ஆர்வலர் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், ஆங்கிலத்திலேயே நீளமான சொல் ஒன்று வேண்டும் என்று கட்டியது அது. எரிமலையின் மிக நுண்ணிய சிலிக்காத் துகளை மூச்சில் இழுப்பதால் வரும் நுரையீரல் நோய் என்று பொருள் சொன்னார்கள். மருத்துவர்கள் அந்தப் பெயரைச் சீட்டில் எழுதுவதில்லை. அவர்கள் எழுதுவது சிலிக்கோசிஸ். அதற்கு எரிமலை தேவையில்லை, சுரங்கம் போதும்.

நான் சொன்ன ஊர் கோலார் தங்கவயல். அங்கே 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் தோண்ட இறங்கியது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள், பலர் தலித்துகள். மாரிக்குப்பம், ஊர்காம், சாம்பியன் ரீஃப் என்று லைன் வீடுகள் எழுந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றானது. அங்கே பொன் தனியாகக் கிடப்பதில்லை. குவார்ட்ஸ் கல்லின் நரம்புகளுக்குள் கலந்து கிடக்கும். குவார்ட்ஸ் என்பதே சிலிக்காதான். துளை போட்டாலும், வெடி வைத்தாலும், கல்லை அரைத்தாலும் அது தூசியாகப் பறக்கும்.

கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். இருமினால் வெளியே வந்துவிடும். ஒரு மில்லிமீட்டரின் இருநூறில் ஒரு பங்குக்கும் சிறிய துகள்தான் நுரையீரலின் கடைசி அறை வரை போகிறது. அதை விழுங்கி அழிக்க வரும் வெள்ளணு அந்த முயற்சியில் தானே செத்துப்போகிறது. துகள் வெளியே விழுந்து அடுத்த அணுவைக் கொல்கிறது. சுற்றிலும் தழும்பு கட்டி, பஞ்சு போன்ற நுரையீரல் மெல்ல மெல்லக் கெட்டிப்படுகிறது. பெரும்பாலும் பத்து, இருபது வருடம் கழித்துத்தான் தெரியவரும். வேலையை விட்ட பிறகும் நோய் வளரும். குணமாக்கும் மருந்து கிடையாது.

1940 முதல் 1946 வரை தங்கவயலில் 7,653 தொழிலாளர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். 43.7 விழுக்காட்டினருக்கு சிலிக்கோசிஸ் இருந்தது. இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் ஒரு லைனில் இருக்கும் வீடுகளை மனத்துக்குள் எண்ணிப் பார்க்கிறேன். ஏறத்தாழ ஒரு வீடு விட்டு ஒரு வீடு.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அப்பாக்கள் தரைக்குக் கீழே போன ஊரிலிருந்து பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிறார்கள். அந்த ரயிலில் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் தன் தகப்பனாரைப் பற்றிப் பேசினார். “டிபின்னுதான் சார் எழுதினாங்க. கடைசிவரைக்கும் டிபி மாத்திரைதான். அது மைன்ஸ் தூசின்னு யாரும் எழுதிக் குடுக்கல.” எழுதிக் கொடுத்திருந்தால் அது தொழில்நோய், இழப்பீடு கேட்டிருக்கலாம். சிலிக்கா படிந்த நுரையீரலில் காசநோயும் எளிதில் தொற்றிக்கொள்ளும் என்பதால் இரண்டையும் பிரித்துச் சொல்வது மருத்துவருக்கும் கடினம். அதனாலேயே என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை வருடம் பார்த்தீர்கள் என்று அவர் கட்டாயம் கேட்க வேண்டும்.

பிள்ளைகள் ஒப்பிக்கும் அந்தச் சொல்லின் கடைசி நான்கு ஆங்கில எழுத்தில் (osis) முடியும் தூசி நோய்கள் இன்னும் பல. பிசினோசிஸ் பஞ்சாலைக்காரர்களின் நோய். வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை ஆலைக்குள் நுழைந்ததும் நெஞ்சை இறுக்கிப் பிடிக்கும். இது கோவைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டோசிஸ், ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தகடும் குழாயும் செய்தவர்களுக்கு வருவது. பகாசோசிஸ், பூசணம் பிடித்த கரும்புச் சக்கையைக் கையாண்டவர்களுக்கு. எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது மத்தியப் பிரதேசத்து மந்த்சோர். அங்கே சிலேட்டுக் குச்சி அறுத்தவர்கள் இளம் வயதிலேயே சிலிக்கோசிஸில் செத்தார்கள். நாம் ‘அ’ எழுதிப் பழகிய குச்சி அது.

இதெல்லாம் பழங்கதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. பெங்களூரின் புது வீடுகளில் இப்போது சமையல் மேடைக்குக் குவார்ட்ஸ் என்று ஒரு செயற்கைக் கல் போடுகிறார்கள். கல்தூளைப் பிசினில் இறுக்கிச் செய்வது. தொண்ணூறு விழுக்காட்டுக்கும் மேல் சிலிக்கா இருக்கலாம். இதை அறுத்த இளைஞர்களுக்குச் சில வருடங்களிலேயே நுரையீரல் கெட்டதைப் பார்த்த ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லையே தடை செய்துவிட்டது. இங்கே முகத்தில் கைக்குட்டை கட்டிய பையன் படிக்கட்டு ஓரத்தில் குந்தி, தண்ணீர் விடாமல் கட்டரால் கல்லை அறுத்துக்கொண்டிருக்கிறான். கைக்குட்டை அந்தத் துகளைத் தடுக்காது.

ராஜஸ்தான் 2019இல் சிலிக்கோசிஸ் நோயாளிகளுக்காக ஒரு கொள்கை கொண்டுவந்து, நோய் உறுதியானால் உதவித்தொகை தருகிறது. தங்கவயலின் மிச்சமிருக்கும் முதியவர்களையும், இந்தக் கட்டர் பிடிக்கும் பையன்களையும் வீடு வீடாக, சைட் சைட்டாகப் போய்ச் சோதிக்க கர்நாடக அரசு முன்வர வேண்டும். அதுவரை நம் கையில் இருப்பது ஒன்று. உங்கள் வீட்டில் கல் வேலை நடந்தால் தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். மேஸ்திரி நேரமாகும் என்பார், தரை சேறாகும் என்பார். கூடுதல் கூலி கொடுத்தாவது தண்ணீர் விட்டே அறுக்கச் சொல்லுங்கள்; என்95 முகக்கவசத்தையும் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.