காமிராவைத் திறக்குமுன்...

ஜூகு கடற்கரையில் படம் எடுத்துத் திரும்பினால், டிஜிட்டல் காமிராவின் லென்சு பாதியில் நின்றுவிடுகிறது. மணல்தான் காரணம். கடைக்காரர் "புதிது வாங்குங்கள்" என்கிறார். மாதச் சம்பளக்காரர் என்ன செய்வார்? ஸ்குரூ டிரைவரை எடுக்கிறார்.

துணிச்சல் சரி. ஆனால் இது பழைய டிரான்சிஸ்டர் அல்ல. பிளாஷ் கண்டென்சரில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கும். பாட்டரியைக் கழற்றிய பிறகும் ஷாக் அடிக்கும். ஆகவே மூடியைத் திறக்க வேண்டாம். முதலில் கார்டை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். ஊரில் பாட்டி பார்க்கவேண்டிய பேரன் படம் அதில் இருக்கிறது. லென்சு இடுக்கு மணலைக் காற்றுப் பம்பால் ஊதலாம். பாட்டரி முனையில் பூத்ததை, துளி வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து உலர்த்தலாம். பாதிக் கோளாறு அங்கேயே தீரும்.

மீதிப் பாதிக்கு? பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-ல் இணையதளம் தொடங்கியது. நல்லது. உதிரி பாகம் நியாய விலைக்குக் கடையில் கிடைக்க யார் ஏற்பாடு செய்வது?