அருவியும் நெறியும்

நீர் ஓடும் நெறியை ஆறு என்றனர் நம் முன்னோர். மாந்தர் நடக்கும் நெறியையும் ஆறு என்றே வழங்கினர். வழிகாட்டும் செய்யுளுக்கு ஆற்றுப்படை எனப் பெயர் வந்ததும் இதுபற்றியே. இவ்விரு பொருளும் ஓரிடத்தே விளங்கக் காண்பதற்கு அமெரிக்க நாட்டு மல்ட்னோமா அருவி தக்கதொரு சான்றாகும்.

ஆரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றின் தென்புறத்தே, இவ்வருவி 620 அடி உயரத்தினின்று இருபடியாக வீழ்கின்றது. இது வீழும் பாறை தீயிற் பிறந்தது. ஏறத்தாழ 1½ கோடி ஆண்டுகளுக்கு முன்னர், கிழக்கே நெடுந்தொலைவில் நிலம் பிளந்து பாறைக்குழம்பு வெளிப்பட்டது. அது மேற்கு நோக்கி வெள்ளம்போற் பரந்து, உறைந்து, அடுக்கின்மேல் அடுக்காகப் படிந்தது. அதுவே பசால்ட் என்னும் கரும்பாறை. குழம்பு நீரிற் புகுந்து குளிர்ந்த இடங்களில், தலையணைகளை அடுக்கினாற்போலப் பாறை திரண்டு காணப்படும். பின்னர், ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன்னர், மிசூலா என்னும் பேரேரியைத் தடுத்து நின்ற பனிக்கட்டி அணை பன்முறை உடைந்தது. அவ்வெள்ளங்கள் பள்ளத்தாக்கின் சரிவுகளை அரித்துச் செங்குத்தாக்கின. மலைமேல் ஓடிய சிற்றாற்றுக்குச் சரிந்திறங்க வழியில்லாது போயிற்று, அது பாய்ந்து வீழ்ந்தது, அருவி பிறந்தது.

சாரல் படும் பாறையிற் பாசியும் பன்னமும் பற்றிப் படர்ந்துள்ளன. சரிவுகளில் டக்ளஸ் ஃபிர், ஹெம்லாக் முதலிய ஊசியிலை மரங்களும், அகன்ற இலையுடைய மேப்பிள் மரங்களும் ஓங்கி நிற்கின்றன. அவற்றின் வேர்கள் பாறை இடுக்குகளிற் புகுந்து மண்ணைப் பிணித்துக் காக்கின்றன. மரம் மலைக்கு அணி மட்டும் அன்று, அரணும் ஆகும்.

அருவியின் இடையே 1914-ஆம் ஆண்டிற் கட்டிய பாலம் ஒன்று உண்டு. அதனைக் கடந்து செல்லும் நடைவழி வளைந்து வளைந்து உச்சிக்கு ஏறுகின்றது. நேரே ஏறினால் விரைவிற் சேரலாமே என்று எண்ணி, வளைவைக் குறுக்கே கடப்போரும் உளர். ஒருவர் மிதித்த தடத்தைப் பின்வருவோர் பலரும் மிதிப்பர். பாசி அழியும், மண் நெகிழும், மழைநீர் அத்தடத்தையே கால்வாயாக்கி மண்ணை வாரிச் செல்லும்.

“இயற்கை எல்லார்க்கும் பொது, அங்கும் வரம்பு எதற்கு?” என்பர் ஒருசாரார். அவர்க்கு ஒரு நிகழ்ச்சியே விடையாகும். 2017 செப்டம்பர் 2 அன்று, அருவிக்குக் கிழக்கேயுள்ள ஈகிள் கிரீக் பள்ளத்தாக்கில், பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் விளையாட்டாக வெடியொன்றைக் கொளுத்தி எறிந்தான். வேனிலில் உலர்ந்திருந்த காடு பற்றிக்கொண்டது. நடைவழியிற் சென்ற ஏறத்தாழ 150 பேர் திரும்ப வழியின்றி இரவைக் காட்டிலே கழித்தனர். தீ அகன்ற கொலம்பியா ஆற்றையும் தாண்டிற்று. மல்ட்னோமா அருவியையும் அணுகிற்று. அருவியடியிலிருந்த பழைய கட்டடத்தைத் தீயணைப்பு வீரர்கள் அரும்பாடுபட்டுக் காத்தனர். 48,000 ஏக்கருக்கு மேற்பட்ட பரப்பில் தீ பரவிற்று. வேர் கருகிய இடங்களிற் கல்லும் மண்ணும் சரிந்தன. மூடப்பட்ட ஈகிள் கிரீக் நடைவழி 2021-இலேதான் மீளத் திறக்கப்பட்டது. அச்சிறுவன் 1,920 மணி நேரம் காட்டுத்துறையினருடன் தொண்டாற்ற வேண்டும் என நீதிமன்றம் பணித்தது. அழித்தற்கு ஒரு நொடி போதும். ஆக்குதற்கு ஒருவர் வாழ்நாளும் போதாது.

அங்ஙனமாயின் மக்களை அறவே விலக்கிவிடலாமே எனின், அதுவும் நன்றன்று. காணாத பொருளின்மீது அன்பு எளிதிற் பிறவாது; அன்பில்லாத இடத்திற் காவலும் நிலைத்து நில்லாது. ஆதலின், மலை ஆறும்வரை வழியை மூடுதல் தகும். என்றைக்குமாக மூடுதல் தகாது. வகுத்த வழியின்கண் நின்று நடக்கப் பழகுதலே நாம் செய்யத்தக்கது.

மாணவர்களே! எந்நாட்டு மலைக்குச் சென்றாலும் வளைவைக் குறுக்கே கடவாதீர்கள். உலர்ந்த காட்டில் விளையாட்டிற்கும் தீ மூட்டாதீர்கள். மூடிய வழியுட் புகாதீர்கள். அருவியைக் காத்தல் அரசினரால் மட்டும் ஆவதன்று. அவ்வழி நடப்போர் ஒவ்வொருவருக்கும் அதிற் பங்கு உண்டு.