அங்கன்வாடிக்கு வந்த ஜீப்



பிறவி இதய நோய் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை வரிக்கு வரி ஏற்கிறேன். எங்கள் மகளுக்கும் இதயத்தின் கீழறைகளுக்கு நடுவே ஓட்டை இருந்தது. பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வியர்க்கும். நாலு மடக்கு குடித்துவிட்டு மூச்சு வாங்குவாள். எடையும் ஏறவில்லை. சளி என்றார்கள், மாந்தம் என்று மந்திரித்தும் பார்த்தோம்.

ஓட்டையைக் கண்டுபிடித்தவர், 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் ஜீப்பில் எங்கள் அங்கன்வாடிக்கு வந்த அரசு மருத்துவர். ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவர் நெடுநேரம் எடுக்கவே இல்லை. அன்றே எக்கோ எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அறுவை சிகிச்சை நடந்தது. கூலி வேலை செய்யும் நாங்கள் சிகிச்சைக்கென்று ஒரு ரூபாய் கட்டவில்லை. அந்த மருத்துவருக்கும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இரவெல்லாம் கண் விழித்த செவிலியர்களுக்கும் நன்றி. இப்போது அவளைப் பிடிக்க நான் ஓட வேண்டியிருக்கிறது!

ஒரு வேண்டுகோள். இந்தத் திட்டத்தின் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறைதான் வருகிறது. வரும் தேதி பல தாய்மாருக்குத் தெரிவதில்லை. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கூலி வேலைக்குப் போய்விடுகிறார்கள். முதல் நாளே ஊரில் ஒலிபெருக்கியில் அறிவிக்க ஊராட்சிகளுக்கு அரசு உத்தரவிட வேண்டும்.

– ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்